டியூஷன் மாத்துறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிங்க

மூணாவது நாலாவது படிக்கிற புள்ள இன்னும் தட்டுத்தடுமாறி வாசிக்குதுனா நம்ம வீடுகள்ல முதல்ல என்ன செய்வோம், டியூஷன்ல சேர்த்து விடுவோம். அங்கயும் தேறலனா டியூஷன் மிஸ்ஸ மாத்துவோம், அப்புறம் ஸ்கூல மாத்துவோம், மெட்ரிக்ல இருந்து சிபிஎஸ்இ, அங்க இருந்து மறுபடி மெட்ரிக், இதுக்குள்ள புள்ள ஆறாவது வந்துரும். பணம் போறது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வருஷமெல்லாம் போனது போனதுதான். "நான் மக்கு"ன்னு ஒரு நெனப்பு அந்த புள்ள மனசுல நல்லா வேர் பிடிச்சிருக்கும், வாசிக்க வைக்கிறத விட அதப் பிடுங்குறதுதான் பெரிய வேலை. என் பொண்ணுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கிறதுல வர்ற கற்றல் குறைபாடு இருக்கு, இப்ப அஞ்சாவது முடிச்சிருக்கா. எங்க மதுரைல எனக்குத் தெரிஞ்ச அம்மாக்கள் யாராவது வாரா வாரம் போன் பண்ணி இதப் பத்தித்தான் கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

பாப்பா பேச்சுல படு சுட்டி. டிவில பாத்தத ஆளுக்கு ஒரு குரல் வச்சு அப்படியே நடிச்சுக் காட்டுவா, அவங்க அப்பத்தா சொல்ற கதைய ஒரு தடவ கேட்டா போதும், அடுத்த நாள் அதுல இல்லாததையும் சேர்த்து சொல்லுவா. ஒண்ணாவது வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியல, ஏன்னா பாடத்த காதால கேட்டே மனப்பாடம் பண்ணிடுவா, இந்தப் படம் இருந்தா இந்த வரினு புத்தகத்த பாத்து சரளமா ஒப்பிச்சிருவா, மிஸ் "வெரி குட்" போட்டு அனுப்பிடுவாங்க. ரெண்டாவதுல படம் குறைஞ்சு எழுத்து ஜாஸ்தியானப்பதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. ஒரு பக்கத்துல படத்த கையால மறைச்சுட்டு வாசிக்க சொன்னேன். "கொடி"ங்கிற வார்த்தைல விரல வச்சா. "கெ"ன்னா, நிறுத்தினா, "கா"ன்னா, என் மூஞ்சிய பாத்தா, "கெடா... கெடி"ன்னு மெதுவா சொன்னா. ரெண்டு வரி தள்ளி அதே "கொடி" வந்துச்சு, அந்த வார்த்தைய முன்ன பின்ன பாத்ததே இல்லாத மாதிரி மறுபடியும் மொதல்ல இருந்து "கெ"ன்னு ஆரம்பிச்சா.

அந்த "கொ"வ கொஞ்சம் நிதானமா பாருங்க. ஒத்தக்கொம்பு முதல்ல போடுறோம், நடுவுல க, கடைசில துணைக்கால். ஆனா வாய்ல சொல்றப்ப க் முதல்ல வருது, ஒ அதுக்கப்புறம் வருது. கண்ணு பாக்குற வரிசை ஒண்ணு, காது கேக்குற வரிசை இன்னொண்ணு. இது போக "கடல்", "தங்கம்", "அகம்" மூணுலயும் எழுத்து ஒரே "க"தான், சத்தம் மூணும் வேற. நமக்கு இதெல்லாம் யாரும் விளக்கி சொல்லித் தரல, பாத்து பாத்து அதுவா பழகிருச்சு. டிஸ்லெக்சியா இருக்குற புள்ளைங்களுக்கு அந்த "அதுவா"ங்கிறதுதான் நடக்க மாட்டேங்குது. கண்ணுல கோளாறு இல்ல, புத்திலயும் கோளாறு இல்ல, பேச்சுல இருக்குற சத்தத்த துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டையும் ஒரு எழுத்தோட ஒட்ட வைக்கிற அந்த ஒரு வேலைலதான் மூளைக்கு சிரமம். அதனால "'மரம்'ங்கிறதுல இருந்து 'ம'ங்கிறத எடுத்துட்டா மிச்சம் என்ன"ன்னு வாய்மொழியா கேட்டா கூட முழிப்பாங்க, இதுல எழுத்தே கிடையாது பாருங்க, வெறும் காதும் வாயும்தான்.

தமிழ்ல எழுதுற மாதிரியே வாசிக்கிறோம், அதனால இந்தப் பிரச்சனை இங்கிலீஷ்காரங்களுக்குத்தான் வரும்னு படிச்சவங்களே என்கிட்ட சொல்லிருக்காங்க. அது சரி இல்ல. இங்கிலீஷ்ல தப்பு நிறைய வெளிய தெரியும், ஏன்னா ஓ-யு-ஜி-ஹெச்னு நாலு எழுத்து "காஃப்"ல ஒண்ணு "த்ரூ"ல ஒண்ணு "தோ"ல ஒண்ணுனு இஷ்டத்துக்கு மாறும். தமிழ்ல போகப் போக தப்பு குறையும் ஆனா வேகம் வராது, ஒவ்வொரு எழுத்தா பிடிச்சு பிடிச்சு வாசிச்சு வரி முடியுறதுக்குள்ள வரி ஆரம்பத்துல என்ன இருந்துச்சுனு மறந்துரும். எழுதுறப்ப கெ கே, ஒ ஓ குழப்பம், புள்ளி விட்டுப்போறது, "பள்ளி"ய "பளி"ன்னு எழுதுறது. ர ற, ல ள ழ எல்லா புள்ளைங்களும் தப்பு பண்றதுதான், அத மட்டும் வச்சு பயப்படாதீங்க. அதே மாதிரி இங்கிலீஷ்ல பி-யையும் டி-யையும் திருப்பிப் போடுறது ஒரு ஏழு வயசு வரைக்கும் சகஜம்.

இது ஒண்ணும் புதுசா முளைச்ச வியாதி கிடையாது. 1896லயே இங்கிலாந்துல பிரிங்கிள் மார்கன்னு ஒரு டாக்டர், 14 வயசு பையன் ஒருத்தன பத்தி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதிருக்கார். கணக்கு நல்லா போடுவான், வாசிக்க மட்டும் வரல. பாடத்த முழுக்க வாய்மொழியாவே நடத்தினா ஸ்கூல்லயே இவன்தான் கெட்டிக்காரனா இருப்பான்னு அவன் வாத்தியார் சொன்னதையும் அதுல போட்டிருக்கார். அத நான் முதல் தடவ படிச்சப்ப அழுதுட்டேன், 1896ல ஒரு வாத்தியாருக்கு புரிஞ்சிருக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல போட்ட கையேட்டுல, ஸ்கூல் போற புள்ளைங்கள்ல நூத்துக்கு 5ல இருந்து 15 பேருக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு இதுல ஏதாவது ஒரு கற்றல் குறைபாடு இருக்கும்னு போட்டிருக்கு. நாப்பது பேர் இருக்குற கிளாஸ்ல குறைஞ்சது ரெண்டு பேர். எல்லா கிளாஸ்லயும் அந்த ரெண்டு பேர் கடைசி பெஞ்சுல இருக்காங்க.

கணக்குல வர்றத டிஸ்கால்குலியான்னு சொல்றாங்க. எங்க தெருவுல ஒரு பையனுக்கு அதுதான், கதைப் புத்தகமா வாசிச்சு தள்ளுறான், ஆனா கடைக்கு அனுப்பினா அம்பது ரூபாய்க்கு மீதி எவ்வளவுனு தெரியாம குடுத்தத வாங்கிட்டு வந்துடுவான், எண்பத்தி ஒம்பதுக்கு அடுத்து என்னனு கேட்டா அப்படியே நின்னுடுவான். எழுதுறதுல மட்டும் சிரமம்னா டிஸ்கிராஃபியா, ரெண்டு வரி எழுதுறதுக்குள்ள கை வலிக்குதும்பாங்க, நிஜமாவே வலிக்கும், அதுக்கு கை வேலைக்கெல்லாம் பயிற்சி குடுக்குற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவுவாங்க. நிறைய புள்ளைங்களுக்கு கவனக்குறைவு, துறுதுறுப்புன்னு ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கும், அதனால ஒண்ண மட்டும் பாத்துட்டு நிறுத்தக்கூடாது. பொம்பளப் புள்ளைங்கள பத்தி தனியா ஒரு வார்த்த. சேட்டை பண்ற பையன எல்லாரும் கவனிப்பாங்க, அமைதியா உக்காந்து பக்கத்துல இருக்குறவ நோட்ட பாத்து எழுதிட்டு வர்ற பொண்ண யாரும் கவனிக்கிறது இல்ல. திங்கக்கிழமை காலைல மட்டும் வயித்து வலி வந்தா அத சாக்குனு நெனச்சு விட்டுறாதீங்க, அந்த வலி உண்மையாவே இருக்கும்.

சரி எங்க போறது. முதல்ல கண்ணு டெஸ்ட், காது டெஸ்ட், இது ரெண்டையும் முடிச்சுட்டுத்தான் மத்தது. அப்புறம் குழந்தைங்க டாக்டர்கிட்ட சொல்லி ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட அசெஸ்மென்ட். பிரசவம் எப்படி, எப்ப பேசினா எப்ப நடந்தாங்கிறதுல இருந்து ஆரம்பிச்சு கேப்பாங்க, ஸ்கூல் நோட்டெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க (பழைய நோட்ட எடைக்கு போட்டுறாதீங்க, தப்பு நிறைஞ்ச நோட்டுதான் அங்க உபயோகம்). முதல்ல ஐக்யூ டெஸ்ட், அப்புறம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில உருவாக்கின எஸ்எல்டி, அதான் கற்றல் குறைபாட்டுக்கான டெஸ்ட் தொகுப்பு, அதுல கவனம், வாசிப்பு, ஸ்பெல்லிங், புரிஞ்சுக்கிறது, கணக்கு, ஞாபகம்னு தனித்தனியா பாப்பாங்க. ஒரே நாள்ல அவசர அவசரமா முடிக்கிற இடம்னா கொஞ்சம் யோசிங்க. வீட்டுல தமிழ் பேசுற புள்ளைக்கு இங்கிலீஷ்ல மட்டும் டெஸ்ட் பண்ணாலும் கேள்வி கேளுங்க, இங்கிலீஷ் பழக்கம் இல்லாததும் டிஸ்லெக்சியாவும் வேற வேற. டெஸ்ட் பண்றவங்களுக்கும், பின்னாடி சொல்லிக் குடுக்கப் போற ஸ்பெஷல் எஜுகேட்டருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதான் ஆர்சிஐ பதிவு நம்பர் இருக்கணும். தயங்காம கேளுங்க, முறையா படிச்சவங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

வேலூர் சிஎம்சில, சென்னைக்கு பக்கத்துல முட்டுக்காட்டுல இருக்குற மத்திய அரசோட மாற்றுத்திறனாளிகள் நிறுவனமான நிப்மெட்ல எல்லாம் இதுக்குனே ஆள் இருக்காங்க. சென்னைல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990கள் ஆரம்பத்துல இருந்து இந்த ஒரே வேலையத்தான் பண்ணிட்டிருக்காங்க, வாத்தியார்களுக்கு டிரெய்னிங்கும் தர்றாங்க. காசு இல்லாதவங்களும் தயங்க வேண்டாம், 2013ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேங்கிற அரசு குழந்தைகள் நலத் திட்டத்துல 18 வயசு வரைக்கும் பாப்பாங்க, அந்த பட்டியல்ல கற்றல் குறைபாடும் இருக்கு, பெரிய அரசு ஆஸ்பத்திரில டிஇஐசி, அதான் புள்ளைங்க குறைபாட்ட சீக்கிரமா கவனிக்கிற மாவட்ட மையம் எங்க இருக்குனு கேட்டா வழி காட்டுவாங்க. அரசுப் பள்ளினா வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, ஹெட்மாஸ்டர்கிட்ட எழுத்துல கேளுங்க. வாயால கேட்டா "பாக்கலாம்மா"ன்னு போயிரும்.

எங்களுக்கு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு வீட்டுல அத்தை, அதான் என் மாமியார், "அவ அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தான், இப்ப நல்லா சம்பாதிக்கலையா, எதுக்கு இந்த பேப்பரெல்லாம்"ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக் ஷாப் வச்சிருக்கார், வண்டி சத்தத்த கேட்டே என்ன கோளாறுனு சொல்லிருவார், ஆனா பேங்க்ல ஃபார்ம் குடுத்தா சத்தமில்லாம என்கிட்ட நகர்த்திருவார். அன்னைக்கு ராத்திரி ரிப்போர்ட்ட எடுத்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். "அப்ப என்ன அடிச்சதெல்லாம் இதுக்குத்தானா"ன்னு கேட்டார். எனக்கு பதில் வரல. இது பரம்பரையா வர்றதுதான், பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா புள்ளைக்கு வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதுக்கப்புறம் அத்தை ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல, பாப்பாவ கிளாஸுக்கு கூட்டிட்டுப் போறது இப்ப அவங்கதான்.

இப்ப டியூஷன் விஷயத்துக்கு வரேன். டியூஷன்ல என்ன நடக்கும், ஸ்கூல்ல இன்னைக்கு நடத்தின பாடத்த இன்னொரு தடவ அதே மாதிரி நடத்துவாங்க, நாளைக்கு டெஸ்ட்டுக்கு பத்து தடவ எழுதச் சொல்லுவாங்க. சட்டைல முதல் பட்டன தப்பா மாட்டிட்டு கீழ கீழ மாட்டிட்டே போற கதைதான். ஸ்பெஷல் எஜுகேட்டர் நடத்துற ரெமிடியல் கிளாஸ்ல அந்த முதல் பட்டனுக்குப் போவாங்க. நாலாவது படிக்கிற புள்ளையா இருந்தாலும் சத்தத்த பிரிக்கிறதுல இருந்துதான் ஆரம்பம். பாப்பாவோட மேடம் அட்டைல கொம்பையும் காலையும் செவப்புலயும் க, ப, த எல்லாம் கறுப்புலயும் எழுதி தனித்தனியா வெட்டி வச்சிருந்தாங்க. "கொ"ங்கிறத வாயால சொல்லிக்கிட்டே மூணு அட்டைய எடுத்து வைக்கணும், அப்புறம் தட்டுல பரப்பின ரவைல விரலால எழுதணும், எழுதுறப்பவும் சத்தமா சொல்லணும், கண்ணு காது வாய் கை நாலும் ஒரே நேரத்துல. "கொ" முழுசா வந்தப்புறம்தான் "போ"வுக்கே போனாங்க. 1930கள்ல அமெரிக்கால சாமுவேல் ஆர்ட்டன்னு ஒரு டாக்டரும் அன்னா கில்லிங்ஹாம்னு ஒரு கல்வியாளரும் சேர்ந்து கொண்டு வந்த முறையோட வழிதான் இது. முதல் கொஞ்ச மாசம் ஒரு மாற்றமும் தெரியாது, ஒரே ஒரு கொம்புலயே நிக்குறாங்களேனு நமக்குத்தான் பொறுக்காது. ஒரு நாள் பஸ்ல போறப்ப கடை போர்டு ஒண்ண அவளா வாசிச்சா, "கோ... கோழிக்கடை"ன்னு, பஸ்ல இருந்த எல்லாரும் திரும்பிப் பாக்குற அளவுக்கு சத்தமா. அவளுக்கு சிரிப்பு தாங்கல.

வீட்டுல நாம செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. தினமும் நாம வாசிச்சுக் காட்டணும், எந்தக் காரணத்தக் கொண்டும் இத நிறுத்தக்கூடாது. அவளுக்கு வாசிக்கத்தான் சிரமம், கேட்டுப் புரிஞ்சுக்க இல்ல, அதனால வாசிப்பு வர்ற வரைக்கும் அறிவு பட்டினி கெடக்கக்கூடாது. அறிவியல், சமூகம் எல்லாம் நான் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி போன்ல வச்சிருக்கேன், தலை பின்றப்ப ஓடும். வீட்டுல தமிழ நிறுத்திட்டு இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு சில ஸ்கூல்ல சொல்றாங்க, தயவு செஞ்சு கேக்காதீங்க. நல்லா பேசத் தெரிஞ்ச ஒரு மொழிதான் அந்த புள்ளைக்கு இருக்குற பிடிமானம், அதையும் பிடுங்கினா எத வச்சு ஏறும்?

மருந்து மாத்திரை டிஸ்லெக்சியாவுக்கு கிடையாது. ஏடிஹெச்டி சேர்ந்திருந்தா அதுக்கு டாக்டர் மருந்து குடுக்கலாம், அது வேற. கலர் கண்ணாடி, கண்ணுக்குப் பயிற்சி, மிட்பிரைன் ஆக்டிவேஷன், ஞாபக சக்தி சிரப்னு சொல்லி ஆயிரக்கணக்குல பணம் வாங்குறாங்க, இதுல எதுவும் வாசிக்க வைக்கும்னு ஆதாரம் கிடையாது. வல்லாரை நல்ல கீரை, சமைச்சுக் குடுங்க, ஆனா வாசிப்பு அதனால வராது. அப்புறம் புள்ளைய தேத்துறதுக்குனு "ஐன்ஸ்டீனுக்கே இது இருந்துச்சு"ன்னு சொல்லாதீங்க, அதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல, தவிர அந்த புள்ள ஐன்ஸ்டீன் ஆனாத்தான் இதுக்கு மன்னிப்புன்னு ஆயிரும். எங்க பாப்பாகிட்ட நாங்க உள்ளத சொன்னோம், உன் மூளை எழுத்தப் பிடிக்க வேற வழில போகுது, அதனால நேரம் ஆகும், அதுக்குத்தான் மேடம் இருக்காங்கன்னு. அன்னைக்கு அவ கேட்ட ஒரே கேள்வி "அப்ப நான் மக்கு இல்லையா?" எட்டு வயசு புள்ள அந்தக் கேள்விய எவ்வளவு நாளா உள்ள வச்சிருந்துச்சோ.

ஸ்கூல் விஷயம்தான் எல்லாத்துலயும் கஷ்டம். நாங்க ரிப்போர்ட்ட கொண்டுபோய் குடுத்த இடத்துல "இந்த மாதிரி புள்ளைங்களுக்கு இங்க வசதி இல்ல, டிசி வாங்கிக்கோங்க"ன்னாங்க. உங்களுக்கும் சொல்லலாம், அதனால சட்டத்த தெரிஞ்சு வச்சுக்கோங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ல மொத்தம் 21 வகை இருக்கு, அதுல கற்றல் குறைபாடும் ஒண்ணு, இதுக்கு முந்தின 1995 சட்டத்துல இது கிடையாது. அந்த 2016 சட்டத்தோட 16வது பிரிவு, அரசு நிதி வாங்குற, அரசு அங்கீகாரம் வாங்கின பள்ளிக்கூடம் எல்லாம் கற்றல் குறைபாட்ட சீக்கிரமா கண்டுபிடிச்சு அதுக்குத் தக்கபடி சொல்லித் தர வழி செய்யணும்னு சொல்லுது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17வது பிரிவு அடிக்கிறதையும் மனசு நோகப் பண்றதையும் தடை பண்ணுது. கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் எழுப்பி வாசிக்க விட்டு சிரிக்க வைக்கிறது அந்த மனசு நோகப் பண்றதுலதான் வருது, என் கருத்து அதுதான், இத நான் லெட்டர்லயே எழுதிக் குடுத்தேன். சண்டை போடல, பிரிவு நம்பர் போட்டு ஒரு பக்க லெட்டர், நகல்ல சீல் வாங்கிட்டு வந்தேன். அவங்க டிசி பேச்ச அதோட விட்டுட்டாங்க. போர்டுல இருந்து காப்பி பண்ண நேரம் குடுக்குறது, ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்காம விடுறது, சில டெஸ்ட்ட வாயால கேக்குறது, இதுக்கெல்லாம் ஸ்கூலுக்கு பைசா செலவு இல்ல. இப்ப இருக்குற கிளாஸ் மிஸ் இத ரிப்போர்ட்ட பாத்த அன்னைக்கே ஆரம்பிச்சாங்க, அவங்க நல்லாருக்கணும்.

கடைசியா சர்டிஃபிகேட். பிரைவேட்ல எடுத்த ரிப்போர்ட் சொல்லிக் குடுக்குறதுக்கும் ஸ்கூல்ல பேசுறதுக்கும் ஆகும், அரசு சலுகைக்கு அரசு மருத்துவர் குழு குடுக்குற சான்றும் யுடிஐடிங்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வேணும். 2018ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்ல 8 வயசுக்கு மேலதான் சர்டிஃபிகேட், 14லயும் 18லயும் மறுபடி டெஸ்ட், 18ல குடுக்குறது ஆயுசுக்கும்னு இருந்துச்சு. விதிகள அப்பப்ப திருத்துறாங்க, அதனால போறப்ப மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல ஒரு தடவ கேட்டுக்கோங்க. இந்த சர்டிஃபிகேட் வாங்கினா கல்யாணத்துல பிரச்சனை வரும்னு யோசிக்கிறவங்க இருக்காங்க. இத யாரும் கழுத்துல மாட்டி விடப்போறது இல்ல, நம்ம பீரோலதான் இருக்கப்போகுது, ஆனா சான்றுல குறைபாட்டோட அளவு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா அரசு உயர்கல்வில 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு தகுதி, சிபிஎஸ்இல மூணு மணி நேர பரீட்சைக்கு கூடுதலா ஒரு மணி நேரம், நம்ம மாநில பொதுத்தேர்வுலயும் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்குனு சலுகைகள் இருக்கு. இதுக்கு விண்ணப்பம் ஸ்கூல் மூலமா பரீட்சைக்கு பல மாசம் முன்னாடியே போகணும். பத்தாவது அரையாண்டுல மார்க் குறைஞ்சதும் ஓடி வர்றவங்கதான் ஜாஸ்தி, அப்ப ஆஸ்பத்திரில டெஸ்ட்டுக்கு தேதி கிடைக்கவே நாளாகும். ஒம்பதாவது போறதுக்குள்ள பேப்பர் எல்லாம் கைல இருக்கணும்னு வச்சுக்கோங்க. ஒரிஜினல யார்கிட்டயும் குடுக்காதீங்க, ஸ்கூலுக்கு ஜெராக்ஸ் போதும்.